“பன்னி” என்றால் கோபம் வேண்டாம்! - சாமராஜநகருக்கு முதல்முறை வரும் தமிழர்

சாமராஜநகர் பஸ் நிலையத்தை அடுத்த ஒரு ஹோட்டல். பகல் பதினொரு மணி. கல்லாவில் இருப்பவர் வாசலைப் பார்த்துச் சிரித்தபடி, “பன்னி, பன்னி” என்கிறார்.

தமிழ்நாட்டிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக வந்து இறங்கியவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். தெருவில் பன்றி எதையும் காணோம். தமக்குப் பின்னால் வேறு ஆளும் இல்லை. அப்படியானால் இந்த வார்த்தை யாருக்கு? முகம் சிவந்துவிடுகிறது.

பாவம், கல்லாக்காரர் மீது ஒரு குற்றமும் இல்லை. “வாருங்கள், வாருங்கள்” என்று மரியாதையாகத்தான் அழைத்தார். பஸ், பாட்டில் என்று சொல்லும்போது வருகிற ‘ப’வைப் போட்டுச் சொன்னால் அது கன்னட வரவேற்பு. தமிழ்க் காதில் விழும்போது வசவாகிவிடுகிறது!

பெங்களூரில் பல வருடங்களாகக் குடியிருக்கும் வாசகர்களுக்கு இது பழைய வேடிக்கை. ஆனால், வேலை நிமித்தமாகத் திடீரென்று இந்தப் பக்கம் அனுப்பப்படுகிறவர்களுக்கு இது வேடிக்கை அல்ல. வங்கிக் கிளைக்கு மாற்றலாகி வருகிறவர்கள், கம்பெனிப் பிரதிநிதிகள், லாரி டிரைவர்கள், கருங்கல் குவாரிக்கு வருகிறவர்கள், மஞ்சள், வாழை வியாபாரத்துக்காக வருகிறவர்கள் என்று பலர் சாமராஜநகர் வந்து போகிறார்கள். சொந்த ஊரிலிருந்து சில மணி நேரப் பிரயாணம்தான். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும், ஏதோ கடல் கடந்த தேசத்தில் காலை வைத்தது போன்ற ஒரு பயம்.

அப்படி வருகிறவர்களில் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுகிறவர். வயது முப்பதுக்குள். வெளிமாநிலம் போய்ப் பழக்கமில்லை. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, “சாமராஜநகர் பக்கம் ஒருத்தர்கிட்டே சரக்கு இருக்குதாம். வழக்கமாப் போற ஆளுக்கு உடம்பு சரியில்லை. நீங்க போய்ப் பார்த்துப் பேசிட்டு வாங்க” என்கிறார். மறுப்பதற்கில்லை. விடியற்காலையில் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு புறப்படுகிறார்.

இருபத்தேழு வளைவுகள்

சத்தியமங்கலம் தாண்டி, பண்ணாரி அம்மன் கோயில் வாசலில் பஸ் நிற்கிறது. இறங்கிக் கும்பிடுகிறவர்கள் கும்பிடுகிறார்கள். உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகு ஏற்றம். திம்பம் மலைப்பாதையில் மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். நீளமான லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டால், மேலேயும் கீழேயும் வண்டிகள் வரிசை கட்டிவிடும்.

மலை ஏறியதும் ஆசனூர். சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். 2013ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்து, தமிழ்நாட்டின் கடைசிச் சோதனைச்சாவடியான காரப்பள்ளம். இந்தப் பக்கத்து யானைகள் கெட்டிக்காரத்தனமானவை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றி வரும் லாரி எது என்று அவற்றுக்குத் தெரியும். குறுக்கே வந்து நின்று, இரண்டு கட்டு கரும்பை இழுத்துப் போட்டுக்கொண்ட பிறகே வழி விடும். டிரைவர்கள் இதை யானைகள் வசூலிக்கும் சுங்கம் என்கிறார்கள்.

இந்தப் பாதையில் இரவு நேரப் போக்குவரத்துக்கு இப்போது கட்டுப்பாடு உண்டு. வண்டிகளில் அடிபட்டு வனவிலங்குகள் சாவதைத் தடுப்பதற்காக, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரியிலிருந்து இது அமலில் இருக்கிறது. ஆகவே, போன வேலையைப் பகலிலேயே முடித்துத் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே ராத்தங்க வேண்டியதுதான்.

காரப்பள்ளத்தை அடுத்து, கர்நாடகத்தின் புளிஞ்சூர் சோதனைச்சாவடி. இரண்டுக்கும் நடுவே காட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. அதே மூங்கில், அதே செம்மண். ஆனால், எதிரே தெரிகிற அறிவிப்புப் பலகையில் தமிழ் எழுத்து மறைந்துவிடுகிறது.

படித்தவர், படிக்காதவர்

முதல் அதிர்ச்சி இந்த எழுத்துதான். நேற்று வரை பேரேடு எழுதியவர், நாலு பேருக்கு மனு எழுதிக் கொடுத்தவர், சாமராஜநகர் பஸ் நிலையத்தில் எழுத்தறியாதவராகிவிடுகிறார். பஸ்ஸின் நெற்றியில் ஊர்ப் பெயர் கன்னடத்தில் இருக்கிறது. எல்லா எழுத்தும் வட்டம் வட்டமாக ஒரே மாதிரி தெரிகிறது. சில இடங்களில் எண்களும் கன்னடத்திலேயே இருக்கின்றன. இது நஞ்சன்கூடு போகும் வண்டியா, கொள்ளேகால் போகும் வண்டியா என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊரில் கைநாட்டுப் போடும் பெரியவர்கள், “தம்பி, இந்த பஸ் எங்கே போகுது?” என்று கேட்டபோதெல்லாம் தாம் சலித்துக்கொண்டது அவருடைய நினைவுக்கு வருகிறது. வெளியூர் கற்றுக் கொடுக்கும் முதல் பாடம் அது.

காதுக்கு ஒரு கணக்கு

கண் கைவிட்டாலும் காது கைவிடாது. கொஞ்சம் நிதானமாகக் கேட்டால், கன்னடம் என்பது தமிழர் வீட்டுக்குப் பக்கத்து வீடு என்பது புரியும். அதற்கு இரண்டு கணக்குகள் தெரிந்தால் போதும்.

முதல் கணக்கு: தமிழில் சொல்லின் முதலில் ‘ப’ இருந்தால், கன்னடத்தில் அது பல இடங்களில் ‘ஹ’ ஆகிவிடும். பால் என்பது ஹாலு. பல் என்பது ஹல்லு. பத்து என்பது ஹத்து. புலி என்பது ஹுலி. ஊர்ப் பெயர்களின் கடைசியில் வரும் ‘ஹள்ளி’ நம்முடைய ‘பள்ளி’தான். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் அங்கேயும் ‘ப’தான் இருந்தது. காலப்போக்கில் ‘ஹ’வாக மாறியது.

இரண்டாவது கணக்கு: தமிழில் ‘வ’ என்றால் கன்னடத்தில் ‘ப’. வெல்லம் என்பது பெல்ல. வெண்ணெய் என்பது பெண்ணெ. வெள்ளி என்பது பெள்ளி. விரல் என்பது பெரளு. வா என்பது பா. அதையே மரியாதையாகச் சொன்னால் பன்னி!

கணக்கு தெரிந்தாலும் சில இடங்களில் இடறும். கன்னடத்தில் மூன்றுக்கு ‘மூறு’ என்பார்கள். நூறுக்கும் ‘நூறு’தான். சந்தை இரைச்சலில் மூறு எது, நூறு எது என்று பிரித்தறிய முடியாமல், பாக்கிப் பணத்தைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. மைசூர், சாமராஜநகர் கிராமப் பேச்சில் முதலெழுத்தாக வரும் ‘ஹ’ பெரும்பாலும் காணாமல் போய்விடும். ‘சொல்லுங்கள்’ என்பதற்குப் புத்தகக் கன்னடம் ‘ஹேளி’. கிராமத்தார் வாயில் அது ‘ஏளி’. மஞ்சள் மண்டிக் கணக்கருக்கு வினையாக முடிந்தது இந்த ‘ஏளி’தான்.

அரிசியா, மஞ்சளா?

ஊருக்கு வெளியே சில மைல் தூரத்தில் அந்த விவசாயியின் களம். ஆட்டோக்காரர் வழி கேட்கிறார்: “அரிசின எல்லித?” ஈரோட்டுக்காரர் பதறிப் போகிறார். “அரிசி இல்லீங்க! மஞ்சள், மஞ்சள்!” என்று கையை ஆட்டுகிறார். ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. கன்னடத்தில் அரிசின என்றால் மஞ்சள். அரிசிக்கு அக்கி என்று பெயர்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. நம்முடைய பழைய அகராதியைப் புரட்டினால், ‘அரிசனம்’ என்ற சொல்லுக்கு மஞ்சள் என்று பொருள் போட்டிருக்கும். நாட்டு வைத்தியர்களுக்கு அந்தச் சொல் பழக்கம். நாம் கைவிட்டுவிட்ட சொல் திம்பம் மலைக்கு வடக்கே தினமும் புழங்குகிறது. மஞ்சளிலேயே பிழைப்பு நடத்துகிறவருக்கு, அதைத் தெரிந்துகொள்ள 27 வளைவு ஏற வேண்டியிருந்தது!

களத்தில் சரக்கு காய்ந்து கிடக்கிறது. விவசாயி அறுபது வயதைத் தாண்டியவர். தோளில் துண்டு. “பன்னி சுவாமி” என்கிறார். இந்தத் தடவை கோபம் வரவில்லை.

கணக்கர் ஒரு விரலி மஞ்சளை எடுத்து உடைத்துப் பார்க்கிறார். ‘டங்’ என்று உலோகச் சத்தத்தோடு உடைகிறது. பதமாக வேகவைத்து நன்றாகக் காய்ந்த சரக்கு. உள் நிறமும் பழுதில்லை. விலை கேட்கிறார். பெரியவர் சிரித்துக்கொண்டு, “நீவே ஏளி” என்கிறார்.

ஏழு! குவிண்டால் ஏழாயிரம்! ஈரோட்டில் அன்று நடந்த ஏல விலை என்ன என்பது கணக்கருக்குத் தெரியும். உள்ளுக்குள் சந்தோஷம் பொங்குகிறது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் செல்போனை எடுக்கிறார். எதிரே இருப்பவர் கன்னடக்காரர்தானே என்ற தைரியத்தில் தமிழில் சத்தமாகவே பேசுகிறார்.

“ஏழாயிரம் சொல்றாருங்க. சரக்கு நல்லாத்தான் இருக்குது. ஆள் வெளியூர் விலை தெரியாத பட்டிக்காடு மாதிரி இருக்காருங்க. சரக்கு மட்டம்னு சொல்லி இன்னும் ஐந்நூறு குறைச்சுப் பார்க்கிறேனுங்க.”

போனை வைத்ததும், பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நல்ல தமிழில் பேசுகிறார்:

“தம்பி, நான் ஏழாயிரம்னு சொல்லலை. நீங்களே சொல்லுங்கன்னு சொன்னேன். முப்பது வருஷமா ஈரோட்டுக்குச் சரக்குப் போடறவன் நான். இன்னிக்கு அங்கே என்ன விலைன்னு என் போனுக்கும் வந்திருக்கு.”

கணக்கருக்கு நா எழவில்லை. கையில் இருந்த மஞ்சள் துண்டைக் கீழே போடுவதா, பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. “தப்பா நெனச்சுக்காதீங்க பெரியவரே” என்று முணுமுணுக்கிறார்.

பெரியவர் கோபிக்கவில்லை. “சரக்கை மட்டம்னு நீங்க நிஜமா நினைச்சுச் சொல்லியிருந்தா வருத்தம் இல்லை. நல்ல சரக்குன்னு தெரிஞ்சும் மட்டம்னு சொல்றேன்னீங்களே, அதுதான் வருத்தம்” என்று மட்டும் சொன்னார்.

பிறகு பேச்சு நேர்மையாக நடந்தது. அன்றைய விலையில் வண்டிக் கூலியும் மூட்டைக் கூலியும் கழித்து ஒரு விலை படிந்தது. முதலாளி எதிர்பார்த்த லாபம் இல்லை. ஆனால் சரக்கு கிடைத்தது. கணக்கருக்கு அன்று கிடைத்த பாடத்துக்கு விலை போட முடியாது. மொழி தெரியாத ஊர் என்று நாம்தான் நினைக்கிறோம். அந்த ஊருக்கு நம்முடைய மொழி தெரிந்திருக்கலாம்!

எல்லைக்கோடு வந்த வழி

இதில் ஆச்சரியப்பட ஏதும் இல்லை. சாமராஜநகர், குண்டல்பேட்டை பக்கத்து மஞ்சள் நெடுங்காலமாக ஈரோட்டுச் சந்தைக்கு வருகிறது. ‘ஈரோடு மஞ்சள்’ 2019இல் புவிசார் குறியீடு பெற்றுப் பெருமையடைந்தது. அதே ஈரோட்டின் மண்டிகளில் கர்நாடகத்து மஞ்சளும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

சாமராஜநகர் மாவட்டத்தில் இப்போது இருக்கும் கொள்ளேகால், 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரை சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது மைசூருக்குப் போயிற்று. கன்னடம் பேசுவோர் மிகுந்த தாளவாடி தமிழ்நாட்டிலேயே தங்கியது. கன்னடத் திரையுலகின் முடிசூடா மன்னராக விளங்கிய ராஜ்குமார் 1929இல் பிறந்த காஜனூர், இன்றைய ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியில்தான் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் தேதி வீரப்பன் அவரைக் கடத்திச் சென்றதும் அந்தக் காஜனூர் வீட்டிலிருந்துதான். அவர் விடுதலையாகும் வரை, 108 நாட்கள் இரண்டு மாநிலங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

ஈரோடு, கோபி, சத்தியமங்கலம் வட்டாரங்களில் வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்க நெசவாளர் குடும்பங்கள் உண்டு. நம் கணக்கரின் தெருவிலும் இருக்கலாம். இத்தனை வருடங்களில் ஒரு வார்த்தையாவது அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோமா என்று அவர் அன்று தம்மையே கேட்டுக்கொண்டிருப்பார்.

கசப்பான நாட்களும் வந்து போயின. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி 1991 டிசம்பரில் மூண்ட கலவரத்தில், கர்நாடகத் தமிழர் பலர் வீடு வாசலை விட்டுவிட்டு எல்லை தாண்டினார்கள். 2016 செப்டம்பரிலும் பெங்களூரில் வண்டிகள் எரிந்தன. பஸ்கள் எல்லையோடு நின்றன. அம்மாதிரி நாட்களில் லாரி ஓடாது. லாரி ஓடாவிட்டால் களத்தில் மஞ்சள் கிடக்கும். மண்டியில் மூட்டை தூக்குகிறவருக்குக் கூலி கிடைக்காது. நஷ்டம் மலைக்கு இரண்டு பக்கமும் சமமாகவே பங்கு போடப்படும்.

பெயர் வந்த கதை

பேச்சு முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. ராத்தங்கித்தான் ஆக வேண்டும். பெரியவர் வீட்டில் சாப்பாடு. தட்டில் கரும்பழுப்பு நிறத்தில் உருண்டையாக ஒன்று வருகிறது. ராகி முத்தே! கொங்கு நாட்டுக்காரருக்கு ராகிக்களி புதிதா என்ன? ஆனால் இங்கே கிள்ளி, சாறில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பக்கத்தில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள்.

சாயங்காலம் பெரியவரே தம்முடைய மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் அழைத்து வருகிறார். ஊரின் நடுநாயகமாகச் சாமராஜேசுவரர் கோயில். இந்த ஊருக்கு முன்னாள் பெயர் அரிகுட்டாரா. மைசூர் அரசர் சாமராஜ உடையார் இங்கே 1774இல் பிறந்தார். மைசூரில் வாரிசு இல்லாமல் போனபோது, ஹைதர் அலி உறவினர் வீட்டுக் குழந்தைகளை எல்லாம் ஒரு கூடத்தில் சேர்த்து, நடுவே பலவிதப் பொருள்களைப் பரப்பி வைத்தாராம். மற்றக் குழந்தைகள் விளையாட்டுச் சாமான்களின் மேல் பாய, ஒரு குழந்தை மட்டும் ஒரு கையில் கத்தியையும் மறு கையில் எலுமிச்சம்பழத்தையும் எடுத்ததாம். “இவன்தான் ராஜா” என்று ஹைதர் சொன்னதாக ஒரு கதை. அந்தக் குழந்தைதான் இந்தச் சாமராஜர்.

அவருடைய மகன் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், தந்தை பிறந்த ஊருக்கு 1818இல் அவர் பெயரையே சூட்டினார். 1826இல் இந்தக் கோயிலைக் கட்டினார். தந்தை பிறந்த இடத்தில் எழுப்பிய ஜனன மண்டபத்தையும் ஊரில் பார்க்கலாம். உடையார் என்ற பட்டம் தமிழருக்கும் பழக்கமானதுதானே!

ஆடி மாதத்தில் இந்தக் கோயிலில் தேரோட்டம். புதிதாகக் கல்யாணமான தம்பதிகளை ஆடியில் பிரித்து வைக்கும் வழக்கம் நம்மைப் போலவே இங்கும் உண்டு. பெண் தாய் வீட்டில் இருப்பாள். மாப்பிள்ளை தம் வீட்டில் இருப்பார். தேர் பார்க்கிற சாக்கில் இருவரும் இங்கே வந்து சந்தித்துக்கொள்வார்கள். கடவுள் கொடுத்த ஒரு நாள் பரோல்! 2017இல் தேருக்கு ஒருவர் தீ வைத்துவிட்டதால் தேரோட்டம் தடைப்பட்டது. புதுத்தேர் செய்து 2022இல்தான் மறுபடி ஓடியது. நடுவில் ஐந்து ஆடி மாதங்கள் புதுமணத் தம்பதிகள் என்ன பாடுபட்டார்களோ!

முதலமைச்சர்கள் அஞ்சிய ஊர்

சாமராஜநகருக்கு வர நம் கணக்கர் மட்டுமா பயந்தார்? கர்நாடக முதலமைச்சர்களே பயந்தார்கள். இந்த ஊருக்கு வந்து போகிற முதலமைச்சருக்குப் பதவி பறிபோய்விடும் என்று ஒரு நம்பிக்கை. தேவராஜ் அர்ஸ், குண்டுராவ், ராமகிருஷ்ண ஹெக்டே, பொம்மை, வீரேந்திர பாட்டீல் என்று அதற்கு ஒரு பட்டியலே சொல்வார்கள். 1997இல் மைசூரிலிருந்து பிரித்து இதைத் தனி மாவட்டமாக்கினார்கள். அப்போது முதலமைச்சராக இருந்த ஜே.எச். பட்டேல்கூட, ஊருக்குள் வராமல் மலை மாதேசுவரர் மலையில் இருந்தபடியே அந்த மங்கள காரியத்தை நடத்தினார். 2007இல் குமாரசாமி துணிந்து வந்தார். அந்த வருடமே அவருடைய பதவி போயிற்று. நம்புகிறவர்களுக்குக் கேட்க வேண்டுமா?

கடைசியில் சித்தராமையா 2013இல் வந்தார். அதோடு நிற்காமல் பல தடவை வந்தார். ஐந்து வருடத்தையும் முழுதாக முடித்துவிட்டு 2018இல் இறங்கினார். 2023இல் மீண்டும் முதலமைச்சரும் ஆனார். பயம் பாதி தெளிந்தது. ஆளுகிறவர்கள் வராத ஊருக்கு ரோடும் வராது, ஆஸ்பத்திரியும் வராது. சகுனத்தின் பெயரால் நஷ்டப்பட்டவர்கள் முதலமைச்சர்கள் அல்ல, ஊர் ஜனங்கள்தான்.

முடிந்து நிற்கும் தண்டவாளம்

இரவு நடை ரயில் நிலையத்தில் போய் முடிகிறது. மைசூரிலிருந்து நஞ்சன்கூட்டுக்கு 1891இல் ரயில் வந்தது. அங்கிருந்து சாமராஜநகருக்கு 1926இல் வந்தது. அதோடு சரி. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. அந்த நாளில் மீட்டர் கேஜ் பாதை. இப்போது அகலப் பாதை. திருப்பதிக்கு எக்ஸ்பிரஸ் வண்டியும் இங்கிருந்து புறப்படுகிறது. ஆனால் ஈரோட்டுக்கோ கோவைக்கோ ரயிலில் போக வேண்டுமானால், மைசூர், பெங்களூர் என்று சுற்றித்தான் போக வேண்டும்.

சாமராஜநகரிலிருந்து சத்தியமங்கலம் வழியாக மேட்டுப்பாளையத்துக்குப் பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை மிகப் பழையது. அளந்தார்கள், திட்டம் போட்டார்கள். நடுவே யானையும் புலியும் வாழும் காடு. காட்டைக் குடைந்துகொண்டு போக அனுமதி கிடைக்கவில்லை. யானை வழியை மறித்துவிட்டு மனிதன் வழி போடுவது சரியா என்று கேட்டால், சரி என்று சொல்வது கடினம். மூட்டையும் முடிச்சுமாகப் பெங்களூர் சுற்றிப் போகிற தொழிலாளியைக் கேட்டால், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு நியாயங்களுக்கு நடுவே தண்டவாளம் சாமராஜநகரிலேயே நின்றுகொண்டிருக்கிறது.

ரயில் போகாத இடத்துக்குப் பேச்சு போகிறது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, பெரியவர் கன்னட எண்களைச் சொல்லிக் கொடுக்கிறார். ஒந்து, எரடு, மூறு, நால்கு... கணக்கர் தம் டைரியில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறார். ஏழுக்கு வந்ததும் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.

போய் வருகிறேன்

முதல்முறை வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் பழைய குடிகளாக இருக்கும் தமிழர்கள் சொல்லும் புத்திமதிகள் சில உண்டு. வந்ததும் எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘பேக்கு’ என்றால் வேண்டும், ‘பேட’ என்றால் வேண்டாம், ‘சாக்கு’ என்றால் போதும். இந்த மூன்றும் இருந்தால் பட்டினி இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ‘கொத்தில்ல’ இருக்கிறது. தப்பும் தவறுமாகப் பேசினாலும் பரவாயில்லை, சிரித்துவிட்டுத் திருத்துவார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அவரைப் பற்றித் தமிழில் பேசாதீர்கள்!

இன்னொன்றும் சொல்வார்கள். கன்னடம் கற்றுக்கொள்வதால் தமிழ் குறைந்துவிடாது. தெருவில் கன்னடம் பேசும் குழந்தைக்கு வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்றுக் கொடுக்க வேண்டியது பெற்றோர் வேலை. அந்த வேலையை விட்டுவிட்டு, ஊரின் மேல் பழி போடுவதில் அர்த்தமில்லை.

மறுநாள் காலை. சத்தியமங்கலம் பஸ் புறப்படத் தயாராக நிற்கிறது. கணக்கர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறார். தமிழில் யாரும் ‘போகிறேன்’ என்று சொல்லி விடைபெறுவதில்லை. ‘போய் வருகிறேன்’ என்பதுதான் வழக்கம். கன்னடத்திலும் அதே வழக்கம்தான் என்று இரவு பெரியவர் சொல்லியிருந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மனப்பாடம் செய்ததைத் தட்டுத் தடுமாறிச் சொல்கிறார்:

“ஹோகி பர்த்தீனி, பெரியவரே!”

பெரியவர் முகம் மலர்கிறது. கையை உயர்த்திச் சொல்கிறார்:

“பன்னி, ஹோகி பன்னி!”

பஸ்ஸில் இருந்த புதிய தமிழர் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். கணக்கர் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, “கோபப்படாதீங்க. அப்படின்னா என்னன்னு சொல்றேன், கேளுங்க” என்று ஆரம்பிக்கிறார்.